பருத்திக்காட்டில் இறங்கிய பயிற்சியாளர்

டல்லாஸ் நகரத்தில் பருத்தியின் பெயரைச் சுமந்து நிற்கும் ஒரு விளையாட்டரங்கம் இருக்கிறது. காட்டன் பௌல் என்று அதற்குப் பெயர். தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்க்கலாம். பணி ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, செப்டம்பர் கடைசியில், டெக்சாஸ் மாநிலப் பொருட்காட்சி நடக்கும் அந்த வளாகத்துக்கு மாப்பிள்ளை என்னை அழைத்துப்போனார். "மாமா, நீங்க காலம் முழுக்கப் பசங்களுக்கு வெளையாட்டுச் சொல்லிக் கொடுத்தவங்க. இந்த ஊரு ஆட்டத்தையும் ஒருதடவ பாத்துருங்க" என்றார். ஒவ்வோர் ஆண்டும் பொருட்காட்சியை ஒட்டி அங்கே கிராம்பிளிங், ப்ரெய்ரி வியூ என்னும் இரண்டு கல்லூரிகள் மோதிக்கொள்வது வழக்கம். இரண்டுமே கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டவை.

அமெரிக்கக் கால்பந்து எனக்கு அதுவரை தெரியாது. பெயரில் கால் இருந்தாலும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அணிக்குப் பதினொருவர், மைதானத்தின் நீளம் 100 கெஜம், பத்துக் கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்த்தால் அந்த வாய்ப்பு முடிந்தது. தப்பித்து எல்லைக்குள் கொண்டுபோய்விட்டால் ஆறு புள்ளி. அரைமணி நேரம் பார்த்ததும் எனக்கு நம்முடைய கபடிதான் நினைவுக்கு வந்தது. ஒருவன் கோட்டைத் தாண்டப் பார்ப்பதும் ஏழெட்டுப் பேர் அவன் இடுப்பையும் காலையும் தேடிப் பாய்வதும் எங்கே போனாலும் ஒன்றுதான்.

எங்களுக்குப் பக்கத்து இருக்கையில் கறுப்பும் பொன்னிறமுமான தொப்பி வைத்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கிய வயது. நான் பயிற்சியாளராக இருந்தவன் என்று மாப்பிள்ளை சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அறுபதுகளின் நடுவில் கிராம்பிளிங் விடுதியில் தங்கிப் படித்தவராம். உங்கள் பயிற்சியாளர் எப்படிப்பட்டவர் என்று கேட்கச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. வலது கையைத் தூக்கி, எதையோ பிடித்து ஆட்டுவதுபோல் நான்கைந்து முறை ஆட்டினார். மாட்டுக் கழுத்து மணி என்று பிறகு விளக்கினார். விடியற்காலையில் அந்த மணியை ஆட்டிக்கொண்டே விடுதி அறைக்கு அறை நடந்து, விளையாட்டுப் பையன்களை எழுப்பி வகுப்புக்கு அனுப்புவாராம் அவர்களுடைய பயிற்சியாளர். எழுப்பியது மைதானத்துக்காக அல்ல, வகுப்புக்காக என்பதைப் பெரியவர் இரண்டாம் முறையும் சொன்னார். அவருடைய பெயர் எடி ராபின்சன்.

காங்கேயம் மாடுகளின் கழுத்து மணியைக் கேட்டு வளர்ந்தவன் நான். கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கு என் அப்பாருவோடு போய், வரிசையாகத் தொங்கும் மணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஓசை கனத்திருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, அந்தப் பெரியவரின் கையசைவு என்னைவிட்டுப் போகவில்லை. மீதியிருந்த இரண்டு மாதமும் மாப்பிள்ளை நூலகத்திலிருந்து எடுத்துவந்து கொடுத்தவற்றையும் மகள் வாசித்துச் சொன்னவற்றையும் கொண்டு அந்த மனிதரைத் தெரிந்துகொள்வதிலேயே கழித்தேன்.

எடி ராபின்சன் 1919 பிப்ரவரி 13 அன்று லூசியானா மாநிலத்தின் ஜாக்சன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வாரத்துக்குப் பருத்தி விவசாயம் பார்த்தவர்; அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். நிலம் இன்னொருவருடையது, உழைப்பு இவர்களுடையது, விளைச்சலில் பங்கு என்ற ஏற்பாட்டை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தாலும், கடனும் கணக்குமாக அந்தக் குடும்பங்களைப் பருத்திக்காட்டோடு கட்டிவைத்தது இந்த வாரமுறைதான். அந்தக் குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த முதல் பிள்ளை ராபின்சன். சிறுவனாக இருந்தபோதே, பள்ளிக்கு வந்த ஒரு பெரிய பையன்களின் அணியையும் அவர்கள் தங்கள் பயிற்சியாளரைப் பார்த்த பார்வையையும் கண்டு, தானும் பயிற்சியாளராகத்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

லீலண்டு கல்லூரியில் பட்டம் வாங்கிய பிறகும் உடனே வேலை கிடைக்கவில்லை. பேட்டன் ரூஜ் நகரில் ஒரு தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு மூட்டை தூக்கினார். 1941இல், 22ஆம் வயதில், வடக்கு லூசியானாவின் பைன் காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு சிறிய கல்லூரி அவரை எடுத்துக்கொண்டது. நீக்ரோ ஆசிரியர், தொழிற்பயிற்சி நிறுவனம் என்பதாக இருந்த அதன் நீண்ட பெயர் 1946இல் கிராம்பிளிங் கல்லூரி என்று சுருங்கியது. மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட். அந்தப் பணத்துக்கு அவர் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் பயிற்சி கொடுத்தார், மைதானத்துப் புல்லை வெட்டினார், சுண்ணாம்புக் கோடு போட்டார், பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டார், ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பத்திரிகைகளுக்குச் செய்தியும் எழுதி அனுப்பினார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்தே வந்தன. அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். குழி வெட்டிக் கம்பம் நட்டதிலிருந்து கொடி ஏற்றும் நாளுக்கு மைக் செட் பேசிவைத்தது வரைக்கும் ஒரு பட்டியலே சொல்வார்.

முதல் ஆண்டு மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. அடுத்த ஆண்டு, 1942இல், ஆடிய ஒன்பது ஆட்டத்திலும் வெற்றி. அதிலும், எதிரணி எதுவுமே பருவம் முழுவதிலும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வேறொருவராக இருந்தால் அந்த ஓராண்டை வைத்தே ஆயுளை ஓட்டியிருப்பார். போர் வந்து, மாணவர்கள் படைக்குப் போய்விட, 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டும் கல்லூரி அணி நிறுத்தப்பட்டது. ராபின்சன் சும்மா இருக்கவில்லை. ஊரிலிருந்த உயர்நிலைப் பள்ளியின் பையன்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்.

என்னை உலுக்கிய நிகழ்ச்சி நடந்தது அந்தப் பள்ளி அணியில்தான். பருவத்தின் முக்கியமான கட்டத்தில் நல்ல ஆட்டக்காரப் பையன்கள் பயிற்சிக்கு வரவில்லை. பருத்தி வெடித்துவிட்டது, எடுக்க ஆள் வேண்டும் என்று அவர்களுடைய அப்பா நிறுத்திவிட்டார். ராபின்சன் அந்த அப்பாவிடம் வாதாடவில்லை. மீதி அணியைக் கூட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்கே போய், பையன்களும் அவருமாக இறங்கிப் பருத்தி எடுத்துக் கொடுத்தார். எடுத்து முடிந்ததும் பையன்கள் அணிக்குத் திரும்பினார்கள். இவ்வளவுதான் நிகழ்ச்சி. மகள் இதை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். நான் போதும் என்று எழுந்துபோய் வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

1993ஆம் ஆண்டு தை மாதம். அன்றைக்குப் பெரியார் மாவட்டம் என்று பெயர். குண்டடம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். எங்கள் கபடி அணி முதன்முறையாக மாவட்டத்தில் வென்று அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு பையன். ஒல்லியான உடம்பு, நீளமான கால். பாடிப் போனான் என்றால், பிடிக்கிறவர்கள் அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று கண்டுபிடிப்பதற்குள் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருப்பான். போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது அவனுடைய அப்பா, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, மைதானத்து ஓரத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரய்யா, காடெல்லாம் பஞ்சு வெடிச்சுக் கெடக்குதுங்க. நேத்து ராத்திரி மேக்க மின்னுச்சு. மழ உழுந்தா பஞ்சு கறுத்துப் போயிருமுங்க. எடுக்கறதுக்கு ஆளே கெடைக்க மாட்டீங்குது. ஒரு மூணு நாளைக்குப் பையன உட்டுக் குடுங்க."

நான் அவரிடம் பேசிய பேச்சை இங்கே எழுத மனம் வரவில்லை. பையனுடைய எதிர்காலத்தைக் கெடுக்கிறாய், உனக்கெல்லாம் எதற்குப் பிள்ளை என்னும் பொருளில், இருபத்தாறு வயது ஆசிரியன் ஒருவன், நாற்பது கடந்த ஒரு விவசாயியைப் பத்துப் பையன்களுக்கு முன்னால் வைத்துப் பேசினான். அவர் பதில் சொல்லாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பையன் அன்றைக்குச் சாயங்காலம் அவருக்குப் பின்னாலேயே போனவன்தான். போட்டியில் தோற்றோம். மாசி மாதத்தில் அவன் பள்ளிக்கு வருவதையும் நிறுத்தித் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்கச் சேர்ந்துவிட்டான் என்று மற்ற பையன்கள் சொன்னார்கள்.

பருத்தி எடுப்பது என்ன வேலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் அமுச்சி வீட்டில் கம்போடியாப் பருத்தி போட்டிருந்த காலத்தில், லீவுக்குப் போகும்போதெல்லாம் நானும் எடுத்திருக்கிறேன். பனி காய்ந்த பிறகுதான் இறங்க வேண்டும். ஈரத்தோடு எடுத்தால் பஞ்சு பழுத்துவிடும். குனிந்த தலை நிமிராமல், வெடித்த காயின் நான்கு சுளையையும் ஒரே பிடியில், சருகு ஒட்டாமல், இழை அறாமல் உருவ வேண்டும். காய்ந்த தோட்டின் நுனி ஊசிபோல் இருக்கும். நகக்கண்ணில் ஏறினால் இரவெல்லாம் கடுக்கும். மடி நிறைந்ததும் வரப்புக்குப் போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். ஒரு மடி பஞ்சு கண்ணுக்கு மலைபோல் தெரியும், தராசில் வைத்தால் ஒன்றுமே இருக்காது. கூலி கிலோவுக்குத்தான். இவ்வளவும் தெரிந்திருந்தும், பன்னிரண்டு பையன்கள் என் கைவசம் இருந்தும், அந்த மூன்று நாளில் ஒரு நாள் எல்லோருமாகப் போய் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் எனக்குத் தோன்றவே இல்லை. ராபின்சனுக்குத் தோன்றியிருக்கிறது. அவருக்கும் அப்போது ஏறக்குறைய என் வயதுதான், இருபத்தைந்தை ஒட்டி.

போர் முடிந்து கல்லூரி அணி மீண்டும் எழுந்தபோது, அவருக்கு எதிரே இருந்த தடை ஒரு காட்டுப் பருத்தியைப் போல எடுத்து முடிக்கக்கூடியதாக இல்லை. லூசியானாவில் கறுப்பர் படிக்கும் கல்லூரி வெள்ளையர் கல்லூரியோடு ஆட முடியாது. வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்தில் போனால் வழியிலுள்ள உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. சில இடங்களில் கழிப்பறைகூடக் கிடையாது. ஆகவே புறப்படும்போதே ரொட்டிக்கு நடுவில் இறைச்சி வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பொட்டலங்களைத் தயார் செய்ததிலும் ராபின்சனின் கை உண்டு.

கட்டுச்சோற்று மூட்டையின் கனம் எனக்குத் தெரியும். நம் கொங்கு நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை மறைப்பதால் எந்தப் பயனும் இல்லை. 1998இல் பக்கத்து வட்டாரத்தில் ஓர் ஊர்ப் போட்டிக்குப் போயிருந்தோம். போட்டி நடத்தியவர்களில் ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடு. என் அணியில் நான்கு பையன்கள் காலனியிலிருந்து வந்தவர்கள். திண்ணையில் இலை போட்டு எட்டுப் பேரை உட்காரச் சொன்ன அந்த வீட்டுக்காரர், அந்த நான்கு பேரையும் பார்த்து, "நீங்க அப்பிடி மாட்டுச்சாளைப் பக்கமா உக்காருங்க கண்ணுகளா" என்றார். கண்ணு என்றுதான் சொன்னார், அன்பாகத்தான் சொன்னார். அவரோடு சண்டை போடும் துணிச்சல் எனக்கு இருக்கவில்லை. பசங்களுக்குப் பசியில்லீங்க, ஆட்டம் இருக்குதுங்க என்று ஏதோ சொல்லி எல்லோரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து, பேருந்து நிறுத்தத்துக் கடையில் பன்னும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த போட்டியிலிருந்து என் மனைவி பன்னிரண்டு பேருக்கும் புளிச்சோறு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். நான் ஓய்வு பெறும்வரை அது நிற்கவில்லை. எதற்காகக் கட்டிக்கொண்டு போகிறோம் என்று பையன்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த நான்கு பேருக்குத் தெரியும்.

அதனால்தான் ராபின்சன்மீது சொல்லப்படும் ஒரு குறையை என்னால் எளிதாக ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. அறுபதுகளில் தெற்கு மாநிலங்கள் முழுவதும் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்தபோது அவர் ஊர்வலங்களுக்குப் போகவில்லை. தன் நாட்டின்மேல் தனக்கு இருக்கும் பற்று வேறு யாருக்கும் குறைந்ததல்ல என்று பேசிக்கொண்டிருந்தார். 1967இல் கிராம்பிளிங் மாணவர்களே, கல்லூரி விளையாட்டுக்குக் கொடுக்கும் இடத்தைப் படிப்புக்குக் கொடுக்கவில்லை என்று போராட்டம் நடத்தினார்கள். மாணவர்கள் கேட்டது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால், ஒருவர் கோயில் வாசலில் நின்று நுழைவுக்காகப் போராடும்போது இன்னொருவர் பிள்ளைகளுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தால், இரண்டாமவர் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல எனக்கு நா எழாது.

அவர் செய்தது எப்படிப்பட்ட வேலை என்பதற்கு 1949ஐப் பார்க்க வேண்டும். கறுப்பர் கல்லூரிகளில் படித்த யாரையும் தேசியத் தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தின் அணிகள் அதுவரை எடுத்ததில்லை. அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி கிராம்பிளிங்கின் பால் யங்கரை எடுத்தது. ஆள் பீரங்கி வண்டிபோல் இருப்பதால் டேங்க் யங்கர் என்றே பெயர். புறப்படும்போது ராபின்சன் அவரிடம் ஒரு பாரத்தை ஏற்றி அனுப்பினார்: நீ அங்கே நிலைக்காமல் திரும்பினால், உங்கள் கல்லூரிகளில் இருந்ததிலேயே நல்லவனை எடுத்துப் பார்த்துவிட்டோம், அவனாலேயே முடியவில்லை என்று சொல்லி மற்றவர்களுக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள். இருபத்தொரு வயதுப் பையனின் தலையில் இது பெரிய சுமைதான். யங்கர் பத்துப் பருவங்கள் ஆடினார். அதன்பின் வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், சார்லி ஜாயினர் என்று வரிசையாகப் போனார்கள். 1963இல், இன்னொரு தொழில்முறை அமைப்பான அமெரிக்கன் கால்பந்துச் சங்கத்தின் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, நாட்டிலுள்ள எல்லாக் கல்லூரிகளையும் தாண்டி, முதல் ஆளாகப் பெயர் அழைக்கப்பட்டவர் கிராம்பிளிங்கின் பக் புக்கானன். இந்த நால்வரும் இன்று தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் இருக்கிறார்கள். ராபின்சனிடம் ஆடித் தொழில்முறைக்குப் போனவர்கள் மொத்தம் 200க்கும் மேல்.

ஆனாலும் ஓர் இடம் மட்டும் கறுப்பர்களுக்குப் பூட்டியே இருந்தது. குவார்ட்டர்பேக் என்று ஓர் ஆட்டக்காரர் உண்டு. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும், அதை எறிவதா, ஓடுகிறவனிடம் கொடுப்பதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுப்பது அவர்தான். ஓடவும் மோதவும் கறுப்பர் ஆவார்கள், யோசிக்கும் இடத்துக்கு ஆக மாட்டார்கள் என்பது அன்றைய எண்ணம். கல்லூரியில் அந்த இடத்தில் ஆடிய கறுப்பு இளைஞர்களைக்கூடத் தொழில்முறையில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். ராபின்சன் திட்டமிட்டே ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற இளைஞரை அந்த இடத்துக்காக வளர்த்தார். 1969இல் பஃபலோ பில்ஸ் அணியின் பருவத் தொடக்க ஆட்டத்திலேயே ஹாரிஸ் குவார்ட்டர்பேக்காக இறங்கினார்.

அவருக்குப் பின்னால் வந்தவர் டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரி 31 அன்று சான் டியேகோவில் நடந்த, தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்தில் அவருடைய வாஷிங்டன் அணி முதல் கால்பகுதியில் 10 புள்ளி பின்தங்கிவிட்டது. அவருக்கும் முழங்கால் முறுக்கிக்கொண்டது. இரண்டாம் கால்பகுதியில், பதினைந்து நிமிட ஆட்டத்துக்குள், நான்கு முறை எல்லைக்குள் பந்தை எறிந்தார். அணி அந்தக் கால்பகுதியில் மட்டும் 35 புள்ளி எடுத்து, முடிவில் 42-10 என்று வென்றது. சூப்பர் பௌலை வென்ற முதல் கறுப்பு குவார்ட்டர்பேக் அவர். அன்றைய சிறந்த ஆட்டக்காரரும் அவரே. மாப்பிள்ளை அந்தப் பதினைந்து நிமிடத்தை எனக்குத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்து திரும்பி வரும் இடத்தை நான் நிறுத்தி நிறுத்தி மூன்று முறை பார்த்தேன்.

எண்ணிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். 1985 அக்டோபர் 5 அன்று, நான் உட்கார்ந்து பார்த்த அதே காட்டன் பௌல் அரங்கத்தில், ப்ரெய்ரி வியூ அணியை 27-7 என்று வென்றபோது ராபின்சனின் வெற்றிகள் 324 ஆயின. அதுவரை முதலிடத்தில் இருந்தவர் அலபாமாவின் பயிற்சியாளர் 'பேர்' பிரையண்ட், 323. 1995இல் 400ஐத் தொட்டார். கல்லூரிக் கால்பந்தில் அந்த எண்ணை எட்டிய முதல் பயிற்சியாளர் அவர். ஓய்வு பெறும்போது 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமன். 1941இல் ரூஸ்வெல்ட் காலத்தில் சேர்ந்தவர் 1997இல் கிளிண்டன் காலத்தில் இறங்கினார்; பதினொரு குடியரசுத் தலைவர்கள் மாறியிருந்தார்கள், கல்லூரி மாறவில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரே வேலை, ஒரே மனைவி என்பதுதான் தன்னுடைய உண்மையான சாதனை என்று அவரே சொல்வாராம். மனைவியின் பெயர் டோரிஸ். 1941இல் வேலை கிடைத்த அதே ஆண்டில்தான் கல்யாணமும்.

பையன்களைக் கோட்டும் டையும் கட்ட வைத்து, மேசையில் முள்கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, ஒரு முதலாளியின் முன்னால் எப்படி உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துத்தான் வெளியே அனுப்பினார். இதை அடிமைப் புத்தி என்று சிலர் சொல்லக்கூடும். வேலைக்கு நேர்காணல் என்றதும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடும் நம் கிராமத்துப் பிள்ளைகளைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கடைசி ஆண்டுகள் அவருக்கு நன்றாக அமையவில்லை. 1995 முதல் மூன்று பருவமும் வெற்றியைவிடத் தோல்வி மிகுதி. வெள்ளையர் கல்லூரிகளின் கதவு திறந்துவிட்டதால் நல்ல கறுப்பு ஆட்டக்காரர்கள் பெரிய கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். கறுப்பர் முன்னேறியதன் விலையைக் கறுப்பர் கல்லூரிகள் கொடுக்க வேண்டியதாயிற்று. 1996 முடிவில் அவரை வெளியே அனுப்பப் பார்த்தார்கள். மக்கள் கொதித்தெழுந்து, மாநில ஆளுநரும் தலையிட்ட பிறகே இன்னும் ஓர் ஆண்டு கிடைத்தது. 1997 நவம்பர் 29 அன்று நியூ ஆர்லியன்ஸில் சதர்ன் பல்கலைக்கழகத்திடம் 30-7 என்று தோற்று மைதானத்தை விட்டு இறங்கினார். அவருக்குப் பிறகு அணியை ஏற்றவர் அவருடைய மாணவர் டக் வில்லியம்ஸ்.

ஓய்வுக்குப் பிறகு ராபின்சனுக்கு அல்சைமர் நோய் வந்தது. 2007 ஏப்ரல் 3 அன்று, 88ஆம் வயதில் இறந்தார். லூசியானா அரசின் தலைமை மாளிகையில், பேட்டன் ரூஜில், அவர் உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மணிக்கு 25 சென்ட்டுக்கு அவர் மூட்டை தூக்கிய அதே ஊர். 2010இல் கிராம்பிளிங்கில் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் நான் முதலில் செய்த காரியம் திருப்பூருக்குப் போனது. அந்தப் பையனுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. நான்கு தையல் இயந்திரம் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறான். அப்பா தவறிப் பத்து வருடமாயிற்றாம். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை மகனிடம் கேட்டேன். "அட உடுங்க சார், அதெல்லாம் எப்பவோ" என்று டீ வரவழைத்தான். ராபின்சன் பருத்திக்காட்டில் இறங்கிய கதையைச் சொன்னேன். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டவன், நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த வருசம் மழயே வரலீங்க சார்" என்றான்.

இப்போது எங்கள் ஊர் மாகாளியம்மன் கோயிலை அடுத்த களத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கபடி சொல்லிக் கொடுக்கிறேன். பருத்தி நம் பக்கத்தில் குறைந்துவிட்டது. சின்ன வெங்காயம்தான் இப்போது. போன மாதம் ஒரு பெண் நான்கு நாளாக வரவில்லை. பன்னிரண்டு பேரில் பிடியில் கெட்டிக்காரி அவள்தான். வெங்காயம் பிடுங்கிக் காட்டில் கிடக்கிறது, தாள் அரிய ஆள் இல்லை, விலை ஏறும்வரை பட்டறை போட்டுவைக்க வேண்டும் என்று அவள் அம்மா சொன்னார். மறுநாள் சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்குப் பதினொரு பெண்களும் நானும் அரிவாளோடு அவர்கள் காட்டில் இருந்தோம். வேப்ப மரத்து நிழலில் வட்டமாக உட்கார்ந்து, காய்ந்த தாளைக் கைப்பிடியாகச் சேர்த்து, வெங்காயத்துக்கு ஒரு விரல்கடை விட்டு அரிந்து போட்டோம். அரைமணி நேரத்தில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். அவள் அப்பா முதலில் திகைத்து நின்றார். பிறகு ஒரு குண்டா நிறையக் கம்பங்கூழும் மோரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வாத்தியாரய்யா, நீங்க எதுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த அரிவாளை வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. பதினொரு மணிக்குத் தாள் அரிந்து முடிந்தது. மதியத்துக்குள் பட்டறை போட்டுத் தென்னங்கீற்றால் மூடிவிட்டார்கள்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நான் களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தன் தம்பியின் சைக்கிளில் வந்து இறங்கினாள். தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் போய் நின்றவள், வாசம் போயிருக்கிறதா என்று இரண்டு உள்ளங்கையையும் முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.